இதில் என் மனைவி எது?

கடலுக்கடியில் பத்து மீட்டர் ஆழத்தில் என்னைச் சுற்றி முப்பது கடல் சிங்கங்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று என் மனைவி. எது என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திவிட்டு, கூட்டத்தில் மனைவியை அடையாளம் தெரியாமல் முழிப்பது எவ்வளவு கேவலம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் இப்படி ஒரு முறை மாட்டியிருக்கிறேன். பச்சைப் புடவையை நம்பி யாரோ ஓர் அம்மாளின் தோளைத் தட்டிவிட்டேன். அங்கே புடவையாவது இருந்தது. இங்கே எல்லாம் ஒரே பழுப்பு, எல்லாவற்றுக்கும் மீசை.

"அண்ணாச்சி, மெதுவா மூச்சு விடுங்க. இப்படிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டா காத்து சீக்கிரம் தீந்துரும்" என்று காதுக்குள் இக்னேஷியாவின் குரல் கேட்டது. முகம் முழுக்க மூடிய கண்ணாடிக் கவசத்துக்குள் மைக், ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. தண்ணீருக்குள் சாவகாசமாக ஊர்க்கதை பேசலாம்.

"இதுல எதும்மா அவ?"

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. மேல கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். நீங்கதான் புருசன், நீங்க கண்டுபிடிங்க."

என் பெயர் ஹரிஷ், வயது அறுபது. நான் பிறந்த காலத்தில் அது துடிப்பான பையன்களின் பெயர். இப்போது ஹரிஷ் என்றாலே பக்கத்து வீட்டுக் குழந்தைகள், "தாத்தா பேரு மாதிரியே இருக்கு" என்கிறார்கள். பனியன் துணிக்குச் சாயமேற்றும் பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நொய்யல் ஆற்றைத் தினம் ஒரு நிறத்தில் ஓடவிட்ட புண்ணியவான்களில் நானும் ஒருவன். அதனால் அடிமணல் வரை தெரிகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

வீட்டில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பது. நாய் வளர்க்கலாமா? வேண்டாம். மாடியில் இன்னொரு அறை கட்டலாமா? வேண்டாம். கோயமுத்தூருக்கே குடிபோய்விடலாமா? வேண்டவே வேண்டாம். ஜீவிதா ஒவ்வொரு முறையும் உறவுக்காரர்களிடம், "எனக்கு ஆசைதாங்க, இவரு உடமாட்டேங்கறாரு" என்று பெருமூச்சு விடுவாள். மொத்தச் சொந்தபந்தத்துக்கும் நான்தான் கல்நெஞ்சக்காரன்.

இந்தப் பயணத்துக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் நிவேதா என்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டாள். போதாததற்கு, கோவையில் ஒரு நீச்சல் குளத்தில் மூன்று வாரம் என்னை ஸ்கூபா பழகவும் வைத்துவிட்டாள். அப்படித்தான் மெக்சிகோவின் மேற்கோரத்தில், லா பாஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பக்கம் பல்லடத்து மேட்டாங்காடு போல வறண்டு கிடக்கிற குன்றுகள், அதில் ஆளுயரக் கள்ளி. மறுபக்கம் வெதுவெதுப்பான நீலக் கடல். அக்டோபர் மாதத்தில் அந்தத் தண்ணீரில் ஸ்வெட்டர் போடாமல் நாள் முழுக்கக் கிடக்கலாம்.

ஜீவிதாவால் ஸ்கூபா செய்ய முடியாது. பாலிடெக்னிக்கில் படித்தபோது மாவட்ட வாலிபால் அணியில் இருந்தவள், வலைக்கு மேலே எழும்பி அடித்தால் எதிரணிக்காரிகள் ஒதுங்கிக்கொள்வார்கள். முப்பத்தெட்டு வயதில் முடக்குவாதம் வந்தது. முழங்கால், மணிக்கட்டு, பத்து விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. காலையில் விரல்களை விரிக்கவே அரை மணி நேரம் ஆகும். அவளுக்குத் தலை பின்னிவிடுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. சாயப்பட்டறைக் கை என்பதால் பின்னல் எப்போதும் இடதுபக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஆனால் 'அலைவாசம்' என்ற அந்தக் கம்பெனியில் அவளைப் போன்றவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அன்று காலை படகில் இக்னேஷியா அதை விளக்கினாள். அவள் தூத்துக்குடிக்காரி, நாற்பது வயது இருக்கும். சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்து, உலகக் கடலெல்லாம் சுற்றி இங்கே வந்து நிலைத்தவள்.

"அக்கா இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு கட்டில்ல படுத்துக்கிடுவாவ. அங்க ஒரு சிங்கத்தோட காதுக்குப் பின்னால உளுந்து அளவுக்குச் சில்லு வச்சிருக்கு. தொப்பியும் சில்லும் பேசிக்கிடும். அக்காவுக்கு அந்த உடம்புதான் தெரியும், இந்த உடம்பு தெரியாது. சவாரின்னு சொல்லுவோம். ரெண்டு மணி நேரம்."

"அந்தச் சிங்கத்தோட மனசு எங்கம்மா போகும்?"

"தூங்கும்."

"எங்க தூங்கும்?"

"பஸ்சுல சன்னலோரம் நீங்க தூங்க மாட்டியளா? வண்டி பாட்டுக்கு ஓடும்லா? அப்படித்தான்."

"வேண்டாம் அம்மிணி, இதெல்லாம் நம்முளுக்கு ஆகாது" என்றேன் ஜீவிதாவிடம்.

அவள் காதில் வாங்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடும் முன், "மாமா, சிலிண்டர மூடிட்டுத்தானே வந்தோம்?" என்று கேட்டாள். வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் இந்தக் கேள்வி உண்டு. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்னடுப்பு வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கேள்வி மட்டும் போகவில்லை.

அதனால்தான் தண்ணீருக்கடியில் நான் முழித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிங்கம் தலைகீழாக வந்து என் முகத்தைப் பார்த்தது. "ஜீவி?" என்றேன். அது என் முகத்தில் குமிழி விட்டுவிட்டுப் போனது. இன்னொன்று என் கையுறையைக் கவ்வி இழுத்தது. அதுவும் இல்லை, ஜீவிதா என் கையை இழுத்துப் பத்து வருடமாவது இருக்கும்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ டங் டங் என்று இடித்தது. ஒரு பெண் சிங்கம் என் முதுகிலிருந்த காற்று சிலிண்டரின் திருகை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், முன்னால் வந்து என் முகத்தைப் பார்க்கும், மறுபடி பின்னால் போய் முட்டும்.

"அண்ணாச்சி, அது என்ன ஒங்க வால்வையே நோண்டுது? இத்தன வருசத்துல எதுவும் இப்படிப் பண்ணுனதில்ல!" என்று இக்னேஷியா பதறிக்கொண்டு நீந்தி வந்தாள்.

"பயப்படாதம்மா, இதான் என்ற சம்சாரம். சிலிண்டர மூடப் பாக்கறா" என்றேன்.

இக்னேஷியா சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. நான் சிங்கத்தைப் பார்த்துக் கையைக் கூப்பி, "தாயே, இத மூடுனா நான் செத்துருவேன்" என்றேன். வார்த்தை ஜீவிதாவுக்குப் புரிந்திருக்காது, ஆனால் முப்பத்தைந்து வருடமாக நான் கும்பிடு போடுகிற தினுசு புரிந்திருக்கும். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு ஒரே பாய்ச்சலாக மேலே போனாள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு காற்றில் எழும்பி, வளைந்து, மறுபடி உள்ளே விழுந்தாள். மறுபடி எழும்பினாள். வலைக்கு மேலே எழும்பிய அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணம் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் நடந்தது. அன்றைக்குப் பார்த்துவிட்டேன். கவசத்துக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க வழியில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

படகில் கண் விழித்தவுடன் ஜீவிதா சிறிது நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். விரல்கள் மெல்ல மெல்ல உள்ளே மடங்கின. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, மீசைங்கறது எவ்வளவு பெரிய விசயம் தெரியுங்களா? தூரத்துல மீன் வாலாட்டுனா இங்க தெரியுது. நீங்களும் நாப்பது வருசமா வெச்சிருக்கறீங்களே, அதய வெச்சு என்ன பண்ணுனீங்க?" என்றாள்.

"காப்பிய வடிகட்டுனேன்" என்றேன்.

இரண்டாம் நாள் எனக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தான். நான்கு மாதக் குட்டி. முதலில் ஜீவிதாவிடம் ஓடினான். மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தான், ஏதோ கத்தினான். பிறகு பின்வாங்கி, நேராக என்னிடம் வந்து, என் காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கவ்விக்கொண்டான். நான் போகிற இடமெல்லாம் இழுபட்டுக்கொண்டே வந்தான். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்து, முதுகைத் தடவப் போனேன். இக்னேஷியா, "தொடாதிய அண்ணாச்சி, அதுவா வந்தா வரட்டும்" என்றாள்.

அன்று மாலை விடுதியின் வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, மக்காச்சோள ரொட்டிக்குள் மீனை வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். இக்னேஷியா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உலகம் எங்கோ போய்விட்டது, கையெழுத்துக்கு மட்டும் இன்னும் காகிதம்தான்.

"ஆபீசுல குடுக்கச் சொன்னாவ. அக்காவ மாதிரி வலியோட இருக்கவங்களுக்கு ஒரு நீள்வாசத் திட்டம் இருக்கு. வருசத்துல ஆறு மாசம் இங்க தங்கணும். தினமும் எட்டு மணி நேரம் சவாரி. திட்டம் இன்னும் சோதனைல இருக்கதால காசு கெடயாது. ஆனா அந்த நேரம் பூரா இந்த உடம்பப் பாத்துக்கிட வீட்டாளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். அவுக கையெழுத்து வேணும். சனிக்கெழம காலைல திருப்பிக் குடுங்க."

அவள் போன பிறகு ஜீவிதா காகிதத்தைத் தொடாமல் பார்த்தாள்.

"மாமா, ரெண்டு மணி நேரம் எனக்குக் கையின்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சுங்க. பல்லு வலிக்காதப்ப பல்லு ஞாபகம் வருங்களா? அந்த மாதிரி. பத்தொம்பது வருசத்துல ஒரு நிமிசங்கூட எனக்கு அப்படி இருந்ததில்லீங்க."

காற்றில் பறக்கப் பார்த்த காகிதத்தின் மேல் என் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"எனக்கு இது வேணும் மாமா. நீங்க என்ன சொல்றீங்க?"

என் நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆறு மாதம் தினமும் எட்டு மணி நேரம் அவள் உடம்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காது. உள்ளே இருப்பவள் எங்கோ மீன் துரத்திக்கொண்டிருப்பாள். தூக்கம் போக மீதி எட்டு மணி நேரம் என்னோடு இருக்கும்போது எப்போது விடியும் என்று காத்திருப்பாள். அவளை இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

"யோசன பண்ணிச் சொல்றேன்" என்றேன். ஜீவிதா ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னது எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் சவாரி முடிந்ததும் ஜீவிதா படகில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் இக்னேஷியாவோடு பாறைத் தீவின் ஓரமாக மிதந்துகொண்டிருந்தேன். ஜீவிதா இறங்கிப்போன அந்தப் பெண் சிங்கம் தண்ணீரில் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தது. அப்புறம் தலையைச் சிலுப்பிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து முரட்டுத்தனமாக ஒரு குரல் கொடுத்தது. பாறை மேலே கிடந்த என் கூட்டாளி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் அதன் வயிற்றில் முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தான். அப்படி ஓர் ஆவேசமான குடியை நான் பார்த்ததில்லை.

"இவன் அதோட குட்டியா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்பறம் ஏன் சவாரி நேரத்துல என்ற கூடவே சுத்தறான்? அம்மா பக்கத்துலதானே இருக்குது?"

இக்னேஷியா பாறைப் பக்கம் கை காட்டினாள். "அண்ணாச்சி, இங்க ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு குரலு. நூறு தாய் கத்துனாலும் குட்டி தன் தாய்க் குரலுக்குத்தான் வரும். சவாரி நேரத்துல தாய் தூங்குது, கூப்பிடாது. உடம்பு வரும், தாய் வராது. குட்டிக்கு அது வெளங்கிருது."

"பசிக்காதா?"

"ரெண்டு மணி நேரந்தான, தாங்கும்."

"எட்டு மணி நேரம்?"

"மிச்சம் பதினாறு மணி நேரம் இருக்குல்லான்னு கம்பெனில சொல்லுதாவ." அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பதினாறுலதான் அது மீனும் புடிக்கணும், தூங்கவும் செய்யணும். போன வருசம் நீள்வாசத்துக்கு ஒருத்தர் வந்தாரு. ஆறு மாசம் இல்ல, ரெண்டே மாசம். அவரு சவாரி பண்ணுன சிங்கத்தோட குட்டி இப்ப இல்ல. அதுக்கு இதுதான் காரணம்னு யாரும் எழுதல. நானும் சொல்லல, எனக்கும் வேல வேணும்லா?"

இதைச் சொன்னால் ஜீவிதா அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். குட்டியின் பசியைச் சொல்லி ஒரு தாயை மடக்குவது கோழி அமுக்குவது போலச் சுலபம். அங்கேதான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. நான் குட்டிக்காகப் பேசுகிறேனா, எனக்காகப் பேசுகிறேனா? குட்டி இல்லாவிட்டாலும் நான் வேறு ஏதாவது காரணம் தேடியிருப்பேன். சாக்குத் தேடியவனுக்கு வசமாக ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

வலி என்னுடையது அல்ல. பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான் நான், பட்டவள் அவள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஆசைப்பட்டது ஒவ்வொன்றையும் தட்டிவிட்டு, இதையும் தட்டிவிட எனக்கு என்ன யோக்கியதை? நொய்யலையே கொன்றவன், ஒரு கடல் சிங்கக் குட்டிக்காக அழுகிறேனாக்கும். இப்படியெல்லாம் என்னை நானே திட்டி முடித்து, சனிக்கிழமை விடிந்ததும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். குட்டியைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

படகு பாறைத் தீவை அடைந்தது. ஜீவிதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் ரப்பர் உடையை இடுப்பு வரை ஏற்றிவிட்டு, அதற்கு மேல் ஏற மறுத்த தொந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியபடியே காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அதை வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள், அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"ஏனுங்க போட்டீங்க?" என்று கத்தினாள். படகோட்டி திரும்பிப் பார்த்தான்.

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "நீதானம்மிணி கேட்ட? போட்டாலும் குத்தம், போடலீன்னாலும் குத்தமா?"

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் கேட்டேன்."

நான் அப்படியே அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"குட்டி பட்டினி கெடக்குதுங்க மாமா. எனக்கு மொத நாளே தெரியும். பால் கட்டுனா மாரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? நிவேதாவ வீட்ல உட்டுட்டு வேலைக்குப் போனப்ப நான் படாததா? குட்டிக்கு நேரமாச்சுன்னு அந்த ஒடம்பு சொல்லுச்சு. இன்னொரு சுத்து சுத்திப்போட்டு வரலாம்னு நான் போனேன். ரெண்டாவது நாளு மனசு கேக்காம பாற மேல ஏறிப் படுத்துக்கிட்டுக் காமிச்சேன். வந்து மோந்து பாத்துச்சு. குடிக்கல. யாரோ ஒருத்தி அம்மா சீலயக் கட்டிக்கிட்டு வந்து நின்னா கொழந்த எப்படிப் பாக்கும், அப்படிப் பாத்துச்சு. பின்னாலயே நவுந்து நவுந்து போயிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் நான் நீந்தப் போயிட்டேன். அதத்தாங்க சொல்றேன். தெரிஞ்சேதான் போனேன். நேத்தும் போனேன். வலியில்லாம இருக்கறது அவ்வளவு நல்லா இருக்குதுங்க மாமா, என்னால வேண்டாம்னு சொல்ல முடியல. நீங்க சொல்லிட்டா உங்க மேல பழியப் போட்டுட்டு ஊருக்கு வந்தரலாம், எப்பவும்போல நாலு நாளைக்குப் பேசாம இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

எப்பவும்போல என்ற வார்த்தை எனக்குள் இறங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"இரு, இரு. எப்பவும்போலன்னா? அப்ப அந்த நாய்?"

"எனக்கு நாயின்னாலே பயமுங்க."

"கோயமுத்தூருக்குக் குடிபோறது?"

"உங்க அக்கா அந்தூருலதானே இருக்கறாங்க."

"மாடி ரூமு?"

"கட்டியிருந்தா யாருங்க கூட்டறது?"

முப்பத்தைந்து வருடக் கல்நெஞ்சக்காரன் பட்டம் அந்தப் படகில் கழன்று விழுந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவள் வேண்டாம் என்று நினைத்ததையெல்லாம் அவளுக்குப் பதிலாக நான் சொல்லியிருக்கிறேன், சம்பளமில்லாத வக்கீல் மாதிரி. கடைசியில், என்றைக்கு அவளுக்கு அந்த வார்த்தை நிஜமாகவே தேவைப்பட்டதோ, அன்றைக்குப் பார்த்து நான் பெரிய மனசு பண்ணித் தொலைத்துவிட்டேன்.

"குட்டி விசயம் எனக்கும் நேத்தே தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சுமா போட்டீங்க?"

"நீ வலியில்லாம இருக்கோணும்னு போட்டேன். எனக்கு இஷ்டமில்ல. எனக்குப் பயமா இருந்துது. அதனாலயே போட்டேன்."

அவள் கண் கலங்கியது. காகிதத்தை என் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, கிழிச்சுப்போடுங்க."

நான் வாங்கவில்லை. அது ஒரு கொடுமையான காரியம்தான். ஆனால் அன்றைக்கு நான் கிழித்திருந்தால், மறுபடியும் வேண்டாம் என்றவன் நானாகியிருப்பேன். ஊருக்குப் போய் ஒவ்வொரு வலிக்கும் அவள் என்னைப் பார்த்திருப்பாள், நானும் அவளைப் பார்த்திருப்பேன்.

"நான் மாட்டேன் ஜீவி. வேணுமின்னாலும் நீதான், வேண்டாமின்னாலும் நீதான். எதுவானாலும் நான் பக்கத்துல இருக்கறேன்."

அவள் பாறையைப் பார்த்தாள். குட்டி அங்கே ஓரத்தில் உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கட்டிலில் கிடந்த தொப்பியை வெகுநேரம் பார்த்தாள்.

காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தாள். விரல்கள் பிடி கொடுக்கவில்லை. இரண்டு தடவை நழுவி மடியில் விழுந்தது. மூன்றாம் தடவை அதைத் தூக்கி வாயில் வைத்துப் பல்லால் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். பாதி வாயிலும் பாதி கையிலுமாக வந்துவிட்டது. வாயிலிருந்த பாதியைத் தூவெனத் துப்பினாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள். யாரிடமும் இல்லை, பொதுவாக.

முன்பக்கத்தில் நின்றிருந்த இக்னேஷியா தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, குட்டியில்லாத ஆண் சிங்கம் ஒண்ணு இருக்கு. முன்னூறு கிலோ. நாள் பூரா பாறையில படுத்துக்கிட்டு எல்லாரையும் பாத்துக் கத்திக்கிட்டே இருக்கும். ஆபீசுல கேட்டா அதத் தருவாவ. கேட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம் கண்ணு. வீட்டுல ஒண்ணு இருக்குது, அதுவே போதும்" என்றாள் ஜீவிதா.

இக்னேஷியா சிரிக்கவில்லை. கீழே கிடந்த காகிதத் துண்டைக் குனிந்து எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "போன வருசத்துக் குட்டியப் பத்தி இன்னைக்கு எழுதிக் குடுக்கப்போறேன் அக்கா. வேல போனா போகட்டும், தூத்துக்குடியிலயும் கடல் இருக்கு" என்றாள்.

அதற்குள் சவாரி இல்லாத அந்தத் தாய்ச் சிங்கம், காலை வேட்டை முடித்து எங்கள் படகின் பக்கமாகவே வந்தது. ஜீவிதா கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மூன்று நாள் அவள் குடியிருந்த உடம்பு, கை எட்டும் தூரத்தில் போனது. ஒரு கணம் கண்ணும் கண்ணும் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஜீவிதாவைத் தெரியவில்லை. படகில் கட்டிய ரப்பர் டயரைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்துவிட்டு, பாறையை நோக்கித் தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தது. குட்டி வயிற்றால் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

ஜீவிதா அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாயும் பிள்ளையும் தண்ணீருக்குள் மறைந்த பிறகும் நின்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் பக்கத்தில் போய், "கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

பத்தொன்பது வருடமாக நான் இதைக் கேட்காத நாள் இல்லை. "பரவால்லீங்க" என்பதைத் தவிர வேறு பதிலை அவள் சொன்னதும் இல்லை.

"வலிக்குதுங்க மாமா" என்றாள் ஜீவிதா. "ரொம்ப வலிக்குதுங்க."